பெஞ்சில் இருந்தவரின் நேரடி வர்ணனை

அண்ணே, கொஞ்சம் தள்ளி இருங்க. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். இந்தப் பையை மட்டும் காலுக்கு இடையில வச்சுக்கிடுகேன்.

ஒண்ணு கேக்கட்டா? தப்பா நினைக்கப்பிடாது. உங்க சட்டை. செவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமா. குரோஷியாவா?

தள்ளுபடியில எடுத்ததா. சரி. குரோஷியாக்காரன் ஒருத்தன் தானா வந்து குளச்சல் பஸ்ஸுல என் பக்கத்து சீட்டுல இருப்பான்னு நினைச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ஆனா அந்தச் சட்டையப் போட்டுட்டீங்கல்லா, இனி நான் சொல்லுகத கேட்டுத்தான் ஆகணும். மணல்முக்குத்துறை வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல, உங்களுக்கும் இருக்குத மாதிரி தெரியல்ல.

"முன்னால போங்க, முன்னால போங்க! பின்னால என்ன, கோயில் அசன விருந்தா நடக்குது?"

பதறாதீங்க, கண்டக்டர் இல்ல, நான்தான். அந்தா முன்னால நிக்காருல்லா, அவரு குரலு. பாத்தீங்களா, நாலு பேரு நகந்துட்டானுவ. அவரு திரும்பிப் பாக்காரு, நாம எப்பச் சொன்னோம்னு அவருக்கே சந்தேகம். இதாக்கும் என் வேலை. படிப்பு பதினொண்ணாம் வகுப்பு, வேலை இது. எங்க ஊருல ஜெர்வின் எடுக்காத குரலு கெடையாது. பங்குச்சாமியார், ஹெட்மாஸ்டர், மீன் ஏலம் போடுக ஆளு, எங்க அம்மா. ஒரு தடவை கேட்டாப் போதும், தொண்டைக்குள்ள வந்து உக்காந்திரும்.

சரி, என் வயித்தெரிச்சலக் கேளுங்க.

எங்க துறையில கால்பந்துன்னா பாதி பேரு பிரேசில், பாதி பேரு அர்ஜென்டினா. வள்ளத்துக்கே அந்தக் கலர்தான் அடிச்சிருக்கும். கல்யாணம் பேசுகப்பவே பையன் எந்தப் பக்கம்னு கேக்குக வீடு உண்டு. இதுக்கு நடுவுல குரோஷியா, அஞ்சே பேரு. 'ஏம்பிளே, உலகத்துல வேற நாடே கெடைக்கல்லியா'ன்னு எல்லாரும் கேப்பாவ. ஃபிலோமி அக்கா ஒரு பதில் வச்சிருக்கா. ஜெராக்ஸ் கடை வச்சிருக்குத அக்கா. அவ குரல்லயே சொல்லுகேன்: "கடலோர நாடு, வேதக்கார நாடு, சின்ன நாடு, ஃபைனல் வரைக்கும் வந்து தோத்த நாடு. நமக்கு இதவிட என்னடே வேணும்?"

உலகக் கோப்பைன்னா பிரச்சினை இல்ல. அது நாலு வருசத்துக்கு ஒருக்க. நடுவுல என்ன செய்ய? குரோஷியாக்காரன் ஒருத்தனும் வீட்டுல இருக்க மாட்டான் கேட்டியளா. எங்க ஊரு ஆம்பிளையள் துபாய், குவைத்து, கப்பலுன்னு போன மாதிரி, அவனுவ ஜெர்மனி, இத்தாலி, துருக்கின்னு ஒவ்வொருத்தன் ஒவ்வொரு கம்பெனியில. குரோஷியாவப் பாக்கணும்னா பத்து நாட்டு டிவியப் பாக்கணும்.

அதுக்கு எங்க கூட்டத்து யூஜின் மாமா ஒரு வழி கண்டுபிடிச்சாரு. எங்க பங்குல புதுவருசப் பூசைக்குப் புனிதர் சீட்டு எடுப்பாவ. உங்களுக்கு அந்தோனியார் வந்தா அந்த வருசம் முழுக்க அந்தோனியார்தான் உங்களுக்கு எல்லாம். செபஸ்தியார் வேணும்னு மாத்திக் கேக்க முடியாது. அதே மாதிரி ஆகஸ்டு மாசம், ரெண்டாம் பூசை முடிஞ்சி, அஞ்சு ஆட்டக்காரன் பேரு எழுதின சீட்டத் தொப்பிக்குள்ள போட்டு எடுக்கணும். யாரு வாராரோ அவருதான். அவரு கிளப்புதான் உங்க கிளப்பு. அவரு ஜெயிச்சா நீங்க ஜெயிச்சீங்க. அவருக்குக் கால் சுளுக்குனா நீங்க நொண்டணும். ஞாயித்துக்கிழமை வாட்சப் குரூப்புல அவரு சேதி சொல்லணும். மாத்தக்கூடாது.

இந்த வருசம் என்ன நடந்துது தெரியுமா? எப்பவும் மூத்தவங்கதான் முதல்ல எடுப்பாவ. இந்தத் தடவை யூஜின் மாமா, "இளையவன் எடுக்கட்டும்டே"ன்னுட்டாரு. திடீர்னு என்மேல என்ன பாசமோ. எடுத்தேன். பிரிச்சேன். மிர்கோ ஷெலானிச்.

ஷெலானிச் ரிட்டயர்டு ஆயாச்சு அண்ணே! மே மாசமே பூட்ஸக் கழத்தியாச்சு! அவர வச்சி நான் என்ன செய்ய?

மத்த நாலு பேரும் சீட்ட எடுத்தாவ. பிரிக்கக்கூட இல்ல. மடிச்ச மேனிக்குப் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சாவ. ஃபிலோமி அக்காவுக்குச் சிரிச்சி இருமலே வந்துட்டு. அஞ்சு சீட்டுல ஒண்ணு, அது சரியா எனக்கு வருதுன்னா என் நேரத்தப் பாருங்க. ஆட்டத்த விட்ட ஆளு பேரு எப்படி சீட்டுல வந்துச்சின்னு கேட்டேன். சீட்டு அவ கடையிலதான் பிரிண்ட் எடுத்தது. "பழைய பைல் கெடந்திருக்கும் மக்ளே"ன்னா. நடக்கும்லா. கம்ப்யூட்டருல்லா.

நீங்க எதுக்குச் சிரிக்கீங்க?

இப்ப வாராவாரம் நான் ரிட்டயர்டு ஆளு சேதி சொல்லணும். அவரு ஏதோ தீவுல போயி ஆலிவ் தோட்டம் வச்சிருக்காரு. போன வாரம் அவரு நாய்க்குக் காலு சுகமில்ல. திங்கக்கெழம கட்டுப் பிரிச்சாச்சு, லேசா நொண்டுது, ஆனா தீனி எடுக்குது. தோட்டத்துல கிழக்குப் பக்கம் மரத்துல இலை மஞ்சளா இருக்கு, அது ஏன்னு எனக்கு வெளங்கல்ல, ரெண்டு ராத்திரியா யோசிக்கேன். எனக்கு அதுல ஒரு அக்கறையும் கெடையாது, சொல்லிட்டேன். ரூல்னா ரூலு.

ஆனா இந்த ஷெலானிச் போன வருசம் யூஜின் மாமாவுக்கு வந்த ஆளு. அதச் சொன்னாத்தான் உங்களுக்கு எங்க ஊரு ஆளுவ எவ்வளவு பாவம்னு தெரியும்.

யூஜின் மாமா வள்ளத்துக்கு இன்ஜின் பாக்குத மெக்கானிக். எங்க அம்மைக்குத் தூரத்துல அண்ணன் முறை. அவரு ஒர்க்‌ஷாப்புலதான் டிவி, அங்கதான் நாங்க கூடுவோம். போன வருசம் எனக்கு வந்தது டோமா ரதோலிச். பத்தொம்பது வயசு, ஜெர்மனியில ஃபார்வர்டு, ஆளு ஓடுனா புழுதி தெரியும், ஆளு தெரியாது. மாமாவுக்கு வந்தது ஷெலானிச். பெல்ஜியத்துல ரெண்டாம் டிவிஷன் கிளப்பு, பேரச் சொன்னா உங்களுக்கு வாய் சுளுக்கும். அதுல மூணாவது கோல்கீப்பர். மூணாவது! முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டாம் ஆளு. ரெண்டாம் ஆளுக்கும் வந்தாத்தான் இவரு. வயசு முப்பத்தாறு.

எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிட்டு. "மாமா, வேணும்னா திருப்பி எடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்"னு ஃபிலோமி அக்கா சொன்னா. மாமா சீட்ட மடிச்சிச் சட்டைப் பையில வச்சாரு. "வந்தவன் வந்தவன்தான்." அவ்வளவுதான்.

மாமாவும் செறுப்பத்துல, எளவயசுல, கோல்கீப்பராக்கும். ஊரு டீமுல ரெண்டாவது கீப்பர். முதல் கீப்பர் கில்பர்ட்டுன்னு ஒருத்தரு, காய்ச்சலே வராத மனுசன். காலு ஒடியல்ல, கையி ஒடியல்ல, கல்யாணத்தக்கூட மேட்ச் இல்லாத நாளாப் பாத்து வச்சாரு. மாமா கையுறையப் போட்டுக்கிட்டு ஊரு ஊராப் போயி கோட்டுக்கு வெளிய இருந்துட்டுத் திரும்பி வருவாராம். இதுல சொல்லுகதுக்கு ஒண்ணும் இல்ல, ஓர்மை வந்துது, சொன்னேன்.

சீசன் தொடங்கிட்டு. ஞாயித்துக்கெழம குரூப்புல ஒவ்வொருத்தரும் சேதி போடுவோம். நான், "ரதோலிச் ரெண்டு கோல்." ஃபிலோமி அக்கா, "எங்க ஆளு ஒரு பாஸு, ஒரு மஞ்சக் கார்டு." மாமா, "ஷெலானிச் பெஞ்சு." ஆட எறக்கல்ல, வெளிய பெஞ்சுல இருந்தாருன்னு அர்த்தம். அடுத்த வாரம், "ஷெலானிச் பெஞ்சு." அதுக்கடுத்த வாரம், "பெஞ்சு." பேரு போடக்கூட மனசில்லாம ஆயிட்டு. பிரேசில் பார்ட்டி செல்சன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து கேலி பண்ணுவான். செல்சன் குரலு இப்பிடி, மூக்கால வரும்: "மாமோய், உங்க ஆளுக்குப் பெஞ்சுல பலகை தேஞ்சிருக்குமே, ஒரு தலகாணி வாங்கி அனுப்புவமா?"

மாமா ஸ்பானரத் தொடச்சிக்கிட்டே, "ஆனாலும் அவன் அங்க சும்மாவாடே இருப்பான்? ஏதாவது செய்வான்லா"ன்னாரு. தனக்குத்தானே சொன்ன மாதிரி. அந்த மேட்ச எந்த டிவியிலயும் காட்ட மாட்டான். காட்டுனாலும் பெஞ்சக் காட்டுவானா?

அங்கதான் எனக்கு நாக்கு அரிச்சுது.

ஒரு கேரளா சிம்மு வாங்கிப் பழைய போனுல போட்டேன். அன்னைக்குப் பிறந்தாரு ஷாஜி சேட்டன். பெல்ஜியத்துல நர்சு வேலை, ஞாயித்துக்கெழம லீவு, ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல வீடு. உங்க நம்பர் ஒரு கப்பல்காரன் தந்தான், நீங்க ஷெலானிச் ரசிகராமே, நான் வாராவாரம் நேருல பாக்குதேன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கேளுங்க குரல:

"ஹலோ யூஜின் சேட்டா, ஞான் ஷாஜியாணு. இவிட நல்ல தணுப்பு, குளிரு கேட்டோ. நம்ம ஷெலானிச் இப்போ பெஞ்சுல வந்து உக்காந்து. இடது ஓரம். ஜாக்கெட்டு ஜிப்பு கழுத்து வரெ ஏத்தி. பக்கத்துல இருக்குந்த பையனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து. இப்போ கோச்சு எந்தோ சொல்லி, ஷெலானிச் தலையாட்டி. சேட்டா, அந்தத் தலையாட்டலு கண்டால் போதும், ஆளு பெரிய கீப்பரு!"

எப்படி? எங்க பள்ளிக்கூட கேன்டீன் சேட்டன் குரலு. மலையாளத்துல கொஞ்சம் தமிழ்த் தண்ணி கலந்தேன்.

மாமா மயங்கிட்டாரு! அந்த மெசேஜ ஒர்க்‌ஷாப்புல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனாரு. "பாத்தியாடே, மிட்டாய் கொடுத்திருக்கான். சின்னப் பயலுவளுக்குப் பயம் தெளியும்லா"ன்னு விளக்கம் வேற. அடுத்த ஞாயிறு நான் போட முன்னாலயே மாமா ஷாஜிக்கு மெசேஜ்: "இன்னைக்கு எங்க இருக்கான்? வலது ஓரமா, இடது ஓரமா?"

அங்க மதியம், நமக்குச் சாயங்காலம். ஞாயித்துக்கெழம எங்க துறையில யாரும் கடலுக்குப் போகக்கூடாது, அது கட்டுப்பாடு. அதனால ஊரே வீட்டுல இருக்கும். மெல்ல மெல்ல ஒர்க்‌ஷாப்புக்கு ஆளு வர ஆரம்பிச்சிட்டு. ஐஸ் கம்பெனியில வேல பாக்குத ரெட்டைப் பயலுவ ஆல்டோவும் ஆல்வினும், அவனுவளும் குரோஷியாதான். அப்புறம் வலை பின்னுதவங்க, பாட்டரி சார்ஜுக்கு வந்தவங்க, கடைசில செல்சனும் அவன் பிரேசில் கூட்டமும். டிவியில என் ரதோலிச் கோல் அடிப்பான், ஒருத்தனும் பாக்க மாட்டான். எல்லாரும் மாமா போனச் சுத்தி நிப்பானுவ. ஷெலானிச் எந்திரிச்சி சோம்பல் முறிச்சா கைதட்டு. ஒரு நாளு ஷெலானிச் பூட்ஸ் நாடாவ அவுத்துத் திருப்பிக் கட்டுனாரு, அதச் சொல்ல எனக்கு மூணு மெசேஜ் ஆச்சி, செல்சன் "எலே சத்தம் போடாதீங்கலே, கட்டுகான்"னு கூட்டத்த அதட்டுகான்!

நீங்க கேக்கலாம், ஏன் அவர ஆட எறக்கி விடல்லன்னு. நான் என்ன மடையனா? ஃபிலோமி அக்கா நெட்டுல ஸ்கோர் பாப்பா. ஆடுனாருன்னு சொன்னா அடுத்த நிமிசம் பிடிச்சிருவா. பெஞ்சுல நடக்குகத எந்த நாட்டுப் பத்திரிகையும் போட மாட்டான். பெஞ்சு முழுக்க நம்ம ராஜ்யம்.

மாமாவுக்கு ஒரு துளி சந்தேகம் வரல்ல. அந்த மனுசன் அவ்வளவு வெள்ளந்தி. ஒரு தடவை நான் மாடியில இருந்து பேசிக்கிட்டு இருக்கேன், ஜெபமாலைக்குக் கோயில் மணி அடிச்சிட்டு. மெசேஜுல நல்லாக் கேக்குது. மாமா கேட்டாரு: "ஷாஜி, பெல்ஜியத்துலயும் இதே நேரத்துலதான் மணி அடிப்பானுவளா?" நான் உடனே, "கத்தோலிக்கா ராஜ்யமல்லே சேட்டா"ன்னேன். ஏத்துக்கிட்டாரு.

இன்னொரு தடவை எங்க அம்மை கீழ இருந்து கத்திட்டா. அம்மை குரலு தெரியும்லா, ஏழு தெருவுக்குக் கேக்கும். "லேய் ஜெர்வின்! டேங்கு நிறைஞ்சி வெள்ளம் ரோட்டுல ஓடுது, மோட்டர அணைச்சித் தொலைலே!" அதுவும் சேர்ந்து போயிட்டு. மாமா கேட்டாரு: "ஷாஜி, உங்க வீட்டுலயும் ஒரு ஜெர்வின் உண்டா?" "உண்டு சேட்டா, எண்டெ மோன்." "நல்ல பேரு. எங்க ஊருலயும் ஒருத்தன் இருக்கான், அவன மாதிரி ஆக்கிராதீங்க"ன்னாரு. நான் தலகாணியில மொகத்த அமுக்கிச் சிரிச்சேன். என்னையவே என்கிட்ட கொறை சொல்லுகாரு, அது தெரியாம!

டிசம்பர்ல எனக்குத் தொண்ட கட்டிட்டு. ஷாஜிக்கும் கட்டத்தானே செய்யும். "நொச்சி இலை போட்டு ஆவி பிடிங்க ஷாஜி"ன்னு மாமா மெசேஜ். அடுத்த நாளு காலம்பற மாமா எங்க வீட்டு வாசல்ல ஒரு கட்டு நொச்சியோட நிக்காரு. "ஊரெல்லாம் சளியாக் கெடக்கு, நீயும் பிடிடே." அதுல பாருங்க, என்ன பொருத்தம்.

இப்பிடியே மே மாசம் வந்துட்டு. கடைசி மேட்சு. ஷெலானிச் கிளப்பு தோத்தா கீழ டிவிஷனுக்குப் போயிரும். சீசனோட ஷெலானிச்சும் ஓய்வுன்னு சேதி வந்தாச்சி. அந்த வாரம் முழுக்க மாமா கையில வேலை ஓடல்ல. ஒரு இன்ஜின மூணு தடவ பிரிச்சிப் பூட்டுனாரு. ஃபிலோமி அக்காகிட்ட, "ஒரு அஞ்சு நிமிசம் எறக்கி விடமாட்டானுவளா? கடைசி நாள்லா. கோட்டத் தாண்டி உள்ள போனாப் போதும், பந்தத் தொடக்கூட வேண்டாம்"னாராம். அக்கா என்கிட்ட வந்து சொல்லிட்டு என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. நான் என்ன செய்ய முடியும்? நானா அந்த கிளப்புக்கு கோச்சு?

அந்த ஞாயிறு அதே நேரம் ரதோலிச்சுக்கும் மேட்சு. ஜெயிச்சாக் கோப்பை. நான் பாக்காண்டாமா? அதனால காலையிலயே, பூசை முடிஞ்ச கையோட, ஷாஜி மெசேஜெல்லாம் முன்கூட்டியே பேசிப் பதிவு பண்ணி வச்சிட்டேன். ஷெலானிச்சுக்கு லேசாக் காய்ச்சல், பெஞ்சுல கம்பளிய மூடிக்கிட்டு இருக்காரு, எந்திரிக்கவே இல்லன்னு. காய்ச்சல்னா வேலை மிச்சம் பாருங்க, சோம்பல் முறிக்காண்டாம், நாடா கட்டாண்டாம். சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பு மூலையில இருந்து ஒவ்வொண்ணா அனுப்பிக்கிட்டே ரதோலிச்சப் பாத்தேன். ரதோலிச் கோப்பை வாங்கிட்டான். மாமா போன மூடி வச்சிட்டு, "காய்ச்சலோட வந்து இருந்திருக்கான் பாரு"ன்னாரு. வீட்டுக்குப் போயிட்டாரு.

திங்கக்கெழம சாயங்காலம் ஃபிலோமி அக்கா செருப்புக்கூடப் போடாம ஓடி வாரா. "மாமா! ஷெலானிச் ஆடியிருக்கான்! பெனால்டி பிடிச்சிருக்கான்!"

சத்தியமா அண்ணே. முதல் கீப்பருக்குச் செவப்புக் கார்டு. உள்ள வந்த ரெண்டாம் கீப்பருக்கு விரலு ஒடிஞ்சிட்டு. ஷெலானிச் எறங்கியிருக்காரு. கடைசி நிமிசம் பெனால்டி. பிடிச்சிட்டாரு. கிளப்பு தப்பிச்சிட்டு. நான் கம்பளி மூடிப் படுக்க வச்ச ஆளு!

தப்பு என்மேல இல்ல, பாத்துக்கிடுங்க. வருசம் முழுக்க எந்திரிக்காத ஆளு அன்னைக்குப் பாத்து எந்திரிச்சா எவன் என்ன செய்வான்?

அக்கா போனுல வீடியோவக் காட்டுனா. கண்ண மூடித் தொறக்குத நேரம்தான். ஒருத்தன் ஓடி வாரான், அடிக்கான், மஞ்சச் சட்டை ஒண்ணு எடது பக்கம் விழுது, பந்து தெறிக்குது, முடிஞ்சிட்டு. மாமா பாத்தாரு. திருப்பிப் போடச் சொல்லிப் பாத்தாரு. கூட்டம் கூடிட்டு. செல்சன்கூட மூக்கத் தொறக்கல்ல. மாமா மொகம் எப்படி இருந்துச்சின்னா, வருசம் முழுக்கக் காத்து நின்ன பஸ்சு, ஒண்ணுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள வந்துட்டுப் போன மாதிரி.

"இதுல என்ன இருக்கு மக்ளே"ன்னாரு. அக்காகிட்டதான். ஆனா என்னையப் பாத்து. "வாரான், விழுகான், முடிஞ்சிட்டு. யாரு இவன எந்திரின்னு சொன்னா? ஜாக்கெட்ட எங்க போட்டான்? கோட்டத் தாண்டும்போது எந்தக் கால முதல்ல வச்சான்? ஷாஜி சொன்னாத்தான் வெளங்கும். நேத்து நெட்வொர்க்கு போயிருக்கும் பாவத்துக்கு. போனப் போடுவோம்."

போட்டுட்டாரு. மெசேஜ் இல்ல, போனு. ஸ்பீக்கர்ல.

என் டவுசர் பைக்குள்ள இருந்து பங்குச்சாமியார் பேசுகாரு: "அன்பான இறைமக்களே, உங்களுக்கு அழைப்பு வந்துள்ளது!" என் ரிங்டோன், நானே பேசி வச்சது. ஷாஜி போன சைலண்டுல போட மறந்துட்டேன்.

யாரும் சிரிக்கல்ல அண்ணே. அத நெனச்சிப் பாருங்க. இருவது முப்பது பேரு, ஒருத்தனும் சிரிக்கல்ல. எல்லாரும் வேற எங்கயோ பாக்கானுவ. ஒருத்தன் சுவத்துக் காலண்டரப் படிக்கான். கோயில்ல இருந்து வருதுன்னு நெனச்சிட்டானுவ போல. நான் டக்குனு நழுவி, ஒர்க்‌ஷாப்புக்குள்ள ஏத்தி வச்சிருந்த வள்ளத்துக்குப் பின்னால போயிட்டேன். அங்க நின்னா ஆளு தெரியாது. முட்டுக்குக் கீழ காலு தெரிஞ்சிதுன்னு ஃபிலோமி அக்கா பெறகு சொன்னா. சும்மா சொல்லுகா.

"ஹலோ, சேட்டா."

"ஷாஜி, நேத்து நீங்க அங்கதான இருந்தீங்க?"

"அவிடத்தன்னே சேட்டா."

"அப்ப முதல்லருந்து சொல்லுங்க. அவசரமே இல்ல."

என்ன சொல்ல? எனக்குத் தெரிஞ்சது அந்த வீடியோ மட்டும். ஆனா வாயி தானா ஆரம்பிச்சிட்டு. ரெண்டாம் கீப்பர் விரலப் பிடிச்சிக்கிட்டு உக்காருகான். கோச்சு பெஞ்சப் பாக்கான். பெஞ்சுல கம்பளி. கம்பளி அசையல்ல. கோச்சு கூப்பிடுகான், கோச்சு குரலு எங்க ஹெட்மாஸ்டர். கம்பளி மெல்ல விலகுது. ஷெலானிச் ஜாக்கெட்ட அவுத்து, மடிச்சி, பக்கத்துல இருந்த பையன் மடியில வைக்காரு. ஸ்டேடியத்துல யாருக்கும் அவரு பேரு தெரியல்ல, எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் கேக்காவ. அந்த முணுமுணுப்ப நான் நாலு குரல்ல பண்ணுனேன். கையுறைய மாட்டுகாரு. ஒரு கையி. இன்னொரு கையி. கோட்டுக்கு முன்னால வந்து நிக்காரு.

"எந்தக் காலு ஷாஜி?"

"எடது காலு சேட்டா."

வள்ளத்துக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்ச விட்டாவ.

அந்தக் கண்ண மூடித் தொறக்குத நேரத்த நான் எவ்வளவு நேரம் சொன்னேன்னு தெரியல்ல. வெளிய வெளிச்சம் மாறிட்டு. அடிக்க வந்தவன் பந்த மூணு தடவ எடுத்து எடுத்து வைக்கான். நடுவரு விசில். ஓடி வாரான். ஷெலானிச் அசையல்ல, அசையல்ல, அசையல்ல, விழுந்தாரு! ஒர்க்‌ஷாப்பு கூரை பறந்திரும், அப்பிடி ஒரு சத்தம். பிரேசில்காரன், அர்ஜென்டினாக்காரன், எல்லாரும். செல்சன் ஒரு ஆயில் டின்னத் தட்டிக்கிட்டு ஆடுகான்.

மாமா சத்தம் மட்டும் கேக்கல்ல. கூச்சல் அடங்குன பெறகு போனுல கேக்குது: "அப்புறம்?"

"அப்புறம்... எல்லாரும் ஓடி வந்து அவர கட்டிப் பிடிக்காவ சேட்டா."

"அவன் என்ன சொன்னான்?"

இங்கதான் மாட்டுனேன். ஷெலானிச் குரல நான் எடுத்ததே இல்ல. கேட்டதே இல்ல. வருசம் முழுக்கப் பெஞ்சுல இருந்தாரு, தலையாட்டுனாரு, மிட்டாய் கொடுத்தாரு, ஒரு வார்த்தை பேசல்ல. ஷாஜி குரல்ல சொல்லலாம்னு பாத்தா அது எங்கயோ போயிட்டு. ஹெட்மாஸ்டர் குரலு பொருந்தாது. பங்குச்சாமியார் வேண்டாம். போனுக்குள்ளயும் வள்ளத்துக்கு அந்தப் பக்கமும் மாமா காத்துக்கிட்டு நிக்காரு. ஏதாவது சொல்லணும்லா. வாயத் தொறந்தேன்.

"எனக்குத் தெரியும்டே, ஒரு நாளு கூப்பிடுவானுவன்னு."

வந்தது யூஜின் மாமா குரலு.

எப்படி வந்துச்சின்னு கேக்காதீங்க. அவசரத்துல பக்கத்துல கெடந்த குரல எடுத்துட்டேன், அவ்வளவுதான். அந்தக் கரகரப்பு, அந்த 'டே', எல்லாம் அப்பிடியே. அவரு முன்னால அவரு குரல எடுத்தது அன்னைக்குத்தான். தொலைஞ்சோம்னு கண்ண மூடிக்கிட்டேன்.

அப்புறம் மாமா சொன்னாரு, "ஆமா. அதத்தான் சொல்லியிருப்பான்."

இல்ல அண்ணே, மாமாவுக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா சும்மா விடுவாரா? நீங்க அவரப் பாத்தது இல்ல, அதான் சொல்லுகீங்க.

கூட்டம் பைய கலைஞ்சிட்டு. மாமா போன வைக்காம அப்பிடியே சட்டைப் பையில போட்டுக்கிட்டு அந்த இன்ஜின் முன்னால போயி உக்காந்தாரு. எனக்கு எல்லாம் கேக்குது. ஸ்பானர் வைக்குத சத்தம், நட்டு உருளுத சத்தம், அவரு மூக்க உறிஞ்சுத சத்தம், போனுல ஒரு தடவை, நேருல ஒரு தடவை. வெளிய வரவும் முடியாது. நான் வள்ளத்துக்குப் பின்னால தரையில உக்காந்து காதுல போன வச்சுக்கிட்டே இருந்தேன். கட் பண்ணல்ல. நான் ஏன் பண்ணணும்? அவரு போட்ட போனுல்லா, அவருதான வைக்கணும்.